பிளஸ் டூ வேதியியல்: மார்க் எங்கே இருக்கிறது, அதை எடுப்பது எப்படி?

பத்தாம் வகுப்பு அறிவியலில் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய பிள்ளைகள் பிளஸ் ஒன் காலாண்டுத் தேர்வில் வேதியியலில் பாஸ் மார்க்கைத் தொடாமல், விடைத்தாளை நாலாக மடித்துப் பைக்குள் திணிப்பதை வருஷா வருஷம் பார்க்கிறேன். அவர்கள் படிக்காதவர்கள் இல்லை. பத்தாம் வகுப்பில் படித்த மாதிரியேதான் படித்திருப்பார்கள். அங்கே வேதியியல் என்பது அறிவியல் புத்தகத்தின் ஒரு பங்கு, சில பாடங்கள்தான். இங்கே அதற்கென்று இரண்டு தொகுதிகள், பதினைந்து பாடங்கள். படிக்கிற முறையும் மாறியாக வேண்டும்.

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூ வேதியியல் எடுத்திருக்கும் மாணவர்களுக்கும், வீட்டில் முதன்முதலாக ஒரு பிள்ளையை அறிவியல் குரூப்பில் சேர்த்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில் மார்க் எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள்

வேதியியலுக்கு மொத்தம் 100 மார்க். அதில் எழுத்துத் தேர்வு 70, செய்முறைத் தேர்வு 20, அகமதிப்பீடு 10. தேர்ச்சிக்கு மொத்தத்தில் 35 வேண்டும். அதோடு எழுத்துத் தேர்வில் மட்டும் 70-க்குக் குறைந்தது 15 எடுத்திருக்க வேண்டும். செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் முழு மார்க் வாங்கிவிட்டு எழுத்துத் தேர்வில் 14 வாங்கினால் தேர்ச்சி கிடையாது. இந்த ஒரு விதி தெரியாமலே ஆண்டை ஓட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அகமதிப்பீட்டின் 10 மார்க்கைப் பலரும் பள்ளிக்கூடம் சும்மா போட்டுத் தருவது என்று நினைக்கிறார்கள். அதற்கும் கணக்கு உண்டு. வருகைக்கு 2, பள்ளியில் நடக்கும் தேர்வுகளுக்கு 4, ஒப்படைவு அல்லது செயல்திட்டத்துக்கு 2, கல்வி இணைச் செயல்பாடுகளுக்கு 2. வருகை எண்பது சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் அந்த 2 முழுதாக வரும். திருவிழா, கல்யாணம், ஊருக்குப் போனது என்று சேர்ந்து சேர்ந்து வருகை குறைந்தால், எந்தப் பாடமும் கடினமாக இல்லாமலேயே ஒரு மார்க் போய்விடும்.

எழுத்துத் தேர்வு மூன்று மணி நேரம். அதற்கு முன் வினாத்தாளைப் படிக்கப் பத்து நிமிடம், விவரங்களைச் சரிபார்க்க ஐந்து நிமிடம். வினாத்தாள் நான்கு பகுதிகள். முதல் பகுதியில் பதினைந்து ஒரு மார்க் கேள்விகள், எல்லாவற்றுக்கும் விடை எழுத வேண்டும். இரண்டாம் பகுதியில் ஒன்பது கேள்விகளில் ஆறு, ஒவ்வொன்றும் 2 மார்க். மூன்றாம் பகுதியிலும் ஒன்பதில் ஆறு, ஒவ்வொன்றும் 3 மார்க். நான்காம் பகுதியில் ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றும் 5 மார்க். இதில் எதையும் விட முடியாது, ஆனால் ஒவ்வொன்றிலும் 'அல்லது' என்று இன்னொரு கேள்வி இருக்கும். கூட்டிப் பாருங்கள்: 15, 12, 18, 25. மொத்தம் 70.

இரண்டாம் பகுதியின் 24-ஆவது கேள்வியும் மூன்றாம் பகுதியின் 33-ஆவது கேள்வியும் கட்டாயம். பெரும்பாலும் அவை கணக்காகவோ, கொஞ்சம் யோசிக்க வைக்கும் கேள்வியாகவோ இருக்கும். கணக்கே வேண்டாம் என்று ஒதுக்கி வைத்தவர்கள் அந்த 5 மார்க்கை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மார்க் என்று சொல்லும் ப்ளூபிரிண்ட் முன்பு இருந்தது, இப்போது இல்லை. ஆகவே, 'இந்த நாலு பாடத்தை விட்டுவிடு, எப்படியும் பாஸ்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பிளஸ் ஒன் பாடத்தை விட்டால் பிளஸ் டூவில் கஷ்டம்

நான் சொல்ல வருவதில் இதுதான் முக்கியம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2018 முதல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு இருந்தது. 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது. பிள்ளைகள் மேல் இருந்த பாரம் குறைந்தது நல்லதுதான். ஆனால் அதோடு பழைய ஆபத்து ஒன்றும் திரும்பி வந்திருக்கிறது. 'பொதுத்தேர்வு பிளஸ் டூவுக்குத்தானே, இப்போதே பிளஸ் டூ பாடத்தை ஆரம்பித்துவிடலாம்' என்று பிளஸ் ஒன் புத்தகத்தை மூடி வைப்பதுதான் அந்த ஆபத்து. பொதுத்தேர்வு வருவதற்கு முன்னால் இது பல இடங்களில் நடந்தது. வேதியியலுக்கு இதைவிடப் பெரிய கெடுதல் கிடையாது.

ஏன் என்றால், பிளஸ் டூவின் பாடங்கள் பிளஸ் ஒன் பாடங்களின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. மோல் என்றால் என்ன என்று பிளஸ் ஒன் முதல் பாடத்தில் வருகிறது. அது புரியாமல் பிளஸ் டூவின் மின் வேதியியலில் ஃபாரடே விதிக் கணக்கு போட முடியாது. எலக்ட்ரான் அமைப்பு எழுதத் தெரியாமல் இடைநிலைத் தனிமங்களையோ அணைவு வேதியியலையோ தொடவே முடியாது. சமநிலைப் பாடம் இல்லாமல் அயனிச் சமநிலை இல்லை. கரிம வேதியியலின் அடிப்படைகள், ஹைட்ரோகார்பன்கள், ஹேலோ ஆல்கேன்கள் ஆகிய மூன்றும் தெரியாதவருக்கு ஆல்கஹால், ஆல்டிஹைடு, அமீன் என்று பிளஸ் டூ இரண்டாம் தொகுதியில் வருவதெல்லாம் வெறும் மனப்பாடப் பட்டியலாகத்தான் தெரியும். அந்தப் பட்டியலை எந்த மூளையும் மார்ச் மாதம் வரை தாங்காது.

சரி, ஏற்கெனவே பிளஸ் ஒன்னைக் கோட்டைவிட்டுவிட்டு பிளஸ் டூவில் இருக்கிறீர்கள் என்றால்? எல்லாவற்றையும் திரும்பப் படிக்க நேரம் இருக்காது. கோடை விடுமுறையில் மூன்று வாரம் ஒதுக்கி இவற்றை மட்டும் முடியுங்கள்: மோல் கணக்கு, ஆக்சிஜனேற்ற எண், எலக்ட்ரான் அமைப்பு, வேதிச் சமநிலையின் அடிப்படை, கரிமச் சேர்மங்களுக்குப் பெயரிடுதல், கருக்கவர் பொருள், எலக்ட்ரான் கவர் பொருள் என்றால் என்ன என்பது. இவ்வளவு போதும், பிளஸ் டூ வாசல் திறந்துவிடும்.

எந்த வரிசையில் படிப்பது

பிளஸ் டூவின் பதினைந்து பாடங்களை மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உலோகவியல், பி-தொகுதித் தனிமங்கள் இரண்டு பாடம், இடைநிலைத் தனிமங்கள், அணைவு வேதியியல் ஆகியவை கனிம வேதியியல். திடநிலைமை, வேதிவினை வேகவியல், அயனிச் சமநிலை, மின் வேதியியல், புறப்பரப்பு வேதியியல் ஆகியவை இயற்பிய வேதியியல். மிச்சமிருப்பவை கரிம வேதியியலும் அதைச் சார்ந்தவையும்: ஹைட்ராக்ஸி சேர்மங்களும் ஈதர்களும், கார்பனைல் சேர்மங்களும் கார்பாக்சிலிக் அமிலங்களும், கரிம நைட்ரஜன் சேர்மங்கள், உயிரியல் மூலக்கூறுகள், அன்றாட வாழ்வில் வேதியியல்.

புத்தக வரிசையிலேயே பள்ளியில் நடத்துவார்கள். வீட்டில் நீங்கள் ஒரே நேரத்தில் ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஒரு பாடத்தைக் கையில் வைத்திருங்கள். கனிமம் படித்து அலுத்தால் ஒரு கணக்கு, கணக்கு சலித்தால் ஒரு கரிம வினை. மூன்று மாதம் தொடர்ந்து கனிமப் பாடங்களையே படித்த பிள்ளைக்குக் கரிமம் வரும்போது வெறுப்பாகிவிடுகிறது.

ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் 'மதிப்பிடுதல்' என்று கேள்விகள் உண்டு. ஒரு மார்க் கேள்விகளில் கணிசமானவை அங்கிருந்து வரும். ஆனால் அதோடு நிறுத்தினால் 15-க்கு 15 வராது. பாடத்தின் உள்ளே கட்டம் கட்டியிருக்கும் செய்திகள், 'தன்மதிப்பீடு' கணக்குகள், அட்டவணைகளின் அடிக்குறிப்பு எல்லாம் கேள்வியாகலாம். புத்தகத்தை வரிவரியாக ஒரு முறை படித்தவருக்கும் கைடு மட்டும் படித்தவருக்கும் வித்தியாசம் தெரிவது இங்கேதான்.

தமிழ் வழியில் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்லூரியில் எல்லாம் ஆங்கிலத்தில் வரும். இப்போதே நோட்டின் கடைசிப் பக்கங்களில் இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவாருங்கள். ஒடுக்கம் என்றால் ரிடக்‌ஷன், குறுக்கம் என்றால் கண்டன்சேஷன், ஈனி என்றால் லிகண்ட். நாளைக்கு மூன்று சொல் போதும். தமிழில் புரிந்து படித்த பிள்ளைக்குப் பெயர் மாறுவது ஒரு மாத வேலைதான். புரியாமல் படித்தால் எந்த மொழியிலும் கஷ்டம்தான்.

வினைகளைக் கையால் எழுதுங்கள்

கரிம வேதியியலைக் கண்ணால் படித்து முடிக்க முடியாது. பேருந்தில் உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். வெள்ளைத்தாளை எடுத்தால் முதல் வரிக்கு மேல் போகாது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். கார்பனைல் சேர்மங்கள் பாடத்தில் ஆல்டால் குறுக்கம், கான்னிசரோ வினை என்று இரண்டு வினைகள் அடுத்தடுத்து வரும். இரண்டுமே ஆல்டிஹைடுகளின் வினை, இரண்டிலுமே சோடியம் ஹைட்ராக்சைடு சேர்க்கிறோம். மனப்பாடம் செய்தவர்கள் தேர்வில் இரண்டையும் மாற்றி எழுதிவிடுவார்கள். ஆனால் ஒரே ஒரு கேள்வி கேட்டால் குழப்பம் தீர்ந்துவிடும்: கார்பனைல் தொகுதிக்குப் பக்கத்துக் கார்பனில் ஹைட்ரஜன் இருக்கிறதா? அதாவது ஆல்ஃபா ஹைட்ரஜன் இருக்கிறதா?

அசிட்டால்டிஹைடில் இருக்கிறது. நீர்த்த காரம் அந்த ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. அதனால் உண்டாகும் அயனி இன்னொரு அசிட்டால்டிஹைடைத் தாக்குகிறது. ஆல்டால் கிடைக்கிறது. அதைச் சூடாக்கினால் நீர் வெளியேறிக் குரோட்டனால்டிஹைடு. பென்சால்டிஹைடில் ஆல்ஃபா ஹைட்ரஜனே கிடையாது. பிடுங்க ஒன்றும் இல்லை. அங்கே அடர் காரம் சேர்த்தால் ஒரு மூலக்கூறு ஒடுக்கமடைந்து பென்சைல் ஆல்கஹாலாகவும், இன்னொன்று ஆக்சிஜனேற்றமடைந்து சோடியம் பென்சோயேட்டாகவும் மாறுகிறது. இதுதான் கான்னிசரோ. காரணம் தெரிந்த பிறகு இந்த இரண்டையும் நீங்கள் வாழ்நாளில் மாற்றி எழுத மாட்டீர்கள்.

இதே மாதிரி ஒவ்வொரு பெயர் வினைக்கும் ஒரு தாள். மேலே பெயர், நடுவில் சமன்பாடு, அம்புக்குறியின் மேல் வினைபொருள், கீழே வெப்பநிலை, ஓரத்தில் ஏன் என்று ஒரு வரி. அம்புக்குறியின் மேலும் கீழும் எழுதுவதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். நிக்கலைத் தூய்மைப்படுத்தும் மாண்ட் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். 350 கெல்வினில் நிக்கல் கார்பன் மோனாக்சைடோடு சேர்ந்து நிக்கல் டெட்ராகார்பனைல் ஆகிறது, 460 கெல்வினில் அது சிதைந்து தூய நிக்கலைத் தருகிறது. அந்த இரண்டு வெப்பநிலைகள் இல்லாவிட்டால் அந்த முறைக்கே அர்த்தம் இல்லை. மார்க் குறைந்தது ஏன் என்று கேட்கும் பிள்ளைகளின் தாள்களைத் திருப்பிப் பார்த்தால், பாதி நேரம் அம்புக்குறியைச் சுற்றித்தான் எதையாவது விட்டிருப்பார்கள்.

கணக்குகளுக்குப் பயப்பட வேண்டாம்

வேதியியல் கணக்கில் கணிதம் குறைவு, யோசனை அதிகம். கால்குலேட்டர் கிடையாது என்பதால் மடக்கை பார்க்கக் கையால் பழகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வினை வேகவியலில் வழக்கமாகக் கேட்கும் ஒன்று: முதல் வகை வினை 99.9 சதவீதம் முடிய ஆகும் நேரம், அரைவாழ் காலத்தைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு என்று காட்டுக. 99.9 முடிந்தால் மிச்சம் 0.1. நூறை 0.1-ஆல் வகுத்தால் 1000, அதன் மடக்கை 3. அதை 2.303-ஆல் பெருக்கினால் 6.909, கீழே வேக மாறிலி. அரைவாழ் காலம் 0.6932-இன் கீழ் அதே வேக மாறிலி. ஒன்றை ஒன்றால் வகுத்தால் வேக மாறிலி அடிபட்டுப் பத்து வந்துவிடுகிறது. மூன்று வரிதான். ஆனால் 'மிச்சம் 0.1' என்ற முதல் படியில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். முடிந்ததை எடுத்து வகுத்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, 10⁻⁷ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். என்ன? அடுக்கைப் பார்த்ததும் கை தானாக 7 என்று எழுதிவிடும். அமிலம் சேர்த்த கரைசல் எப்படி நடுநிலையாக இருக்கும்? அமிலம் இவ்வளவு நீர்த்திருக்கும்போது நீரிலிருந்து வரும் ஹைட்ரஜன் அயனியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சேர்த்தால் 6.79 வரும். விடை வந்ததும் 'இது நடக்கக்கூடியதா' என்று ஒரு நொடி கேட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், கட்டாயக் கேள்விகள் உங்களுக்கு லாபம்.

அலகு எழுத மறக்காதீர்கள். விடை சரியாக இருந்தும் அலகு இல்லாமல் போவதைப் பார்க்கும்போது வயிறு எரியும்.

ஆய்வகம்

செய்முறைத் தேர்வு பொதுத்தேர்வுக்கு முன்பே முடிந்துவிடும். அதில் பருமனறி பகுப்பாய்வு, அதாவது தரம் பார்த்தல் (செறிவு தெரிந்த கரைசலோடு வினைபுரிய வைத்து இன்னொரு கரைசலின் செறிவைக் கண்டுபிடிப்பது) ஒரு பக்கம், தந்திருக்கும் கரிமச் சேர்மத்தில் எந்த வினைச்செயல் தொகுதி இருக்கிறது என்று கண்டுபிடிப்பது இன்னொரு பக்கம். ரெக்கார்டு நோட்டைக் கடைசி வாரத்தில் யாருடையதையோ பார்த்து எழுதாமல், செய்த அன்றே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

தரம் பார்த்தலை நான் முழுதாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 20-க்கு 20 வருவதும் வராததும் இங்கேதான் இருக்கிறது.

பியூரெட்டை முதலில் தண்ணீரால் கழுவுங்கள். பிறகு அதில் எந்தக் கரைசலை நிரப்பப் போகிறீர்களோ அந்தக் கரைசலில் கொஞ்சம் ஊற்றிக் கழுவுங்கள். பிப்பெட்டும் அப்படியே. ஆனால் கூம்புக் குடுவையைத் தண்ணீரால் மட்டும்தான் கழுவ வேண்டும். அதையும் கரைசலால் கழுவினால் உள்ளே ஒட்டியிருக்கும் துளிகளும் கணக்கில் சேர்ந்து அளவு கூடிவிடும். நிரப்பிய பிறகு பியூரெட்டின் குழாய்க்குக் கீழே காற்றுக் குமிழ் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். புனலை எடுத்துவிடுங்கள். பிப்பெட்டிலிருந்து கரைசலை விடும்போது கடைசிச் சொட்டு நுனியில் நிற்கும். அதை ஊதித் தள்ளக் கூடாது. நுனியைக் குடுவையின் சுவரில் தொட்டு எடுங்கள், போதும்.

ஒரு வருடம் என் வகுப்பு மாணவி ஒருத்தி முதல் அளவீடு 19.8, இரண்டாவது 20.6, மூன்றாவது 19.9 என்று வாங்கிவிட்டு அழும் நிலையில் நின்றாள். பக்கத்தில் நின்று பார்த்தேன். கை வேலை சுத்தமாக இருந்தது. ஆனால் பொட்டாசியம் பெர்மாங்கனேட் அடர்ந்த நிறம் என்பதால் மேல் விளிம்பைப் பார்த்துத்தான் அளவெடுக்க வேண்டும் என்பதை ஒரு முறை மறந்து, கீழ் வளைவைத் தேடியிருக்கிறாள். ஸ்டூலில் ஏறாமல் எக்கிப் பார்த்திருக்கிறாள். கண் கோட்டுக்கு நேராக இல்லை. இரண்டையும் சரி செய்ததும் அடுத்தடுத்து இரண்டு முறை 19.8 வந்தது. ஒரே மாதிரி இரண்டு அளவீடு வந்த பிறகுதான் நிறுத்த வேண்டும். வராததை வந்ததாக எழுதிக்கொள்ள வேண்டாம்.

பெர்மாங்கனேட் தானே நிறங்காட்டியாக வேலை செய்யும், தனியாக எதையும் சேர்க்க வேண்டாம். வெளிர் இளஞ்சிவப்பு நிறம் வந்து நிலைத்து நின்றால் அதுதான் முடிவு நிலை. அடர்ந்த சிவப்பு வந்தால் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். நீர்த்த கந்தக அமிலத்தைத்தான் சேர்க்க வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் பெர்மாங்கனேட் அதன் குளோரைடையும் ஆக்சிஜனேற்றிவிடும், நைட்ரிக் அமிலமோ தானே ஓர் ஆக்சிஜனேற்றி. அமிலம் போதாவிட்டால் குடுவையில் பழுப்பாகக் கலங்கும், உடனே கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

ஆக்சாலிக் அமிலத்தைத் தரம் பார்ப்பதாக இருந்தால் 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்க வேண்டும். முதல் சொட்டின் நிறம் மறைய நேரம் எடுக்கும். பிள்ளைகள் பதறி, முடிவு நிலை வந்துவிட்டது என்று நிறுத்திவிடுவார்கள். பொறுங்கள், குலுக்குங்கள். அந்த நிறம் மறைந்த பிறகு அடுத்த சொட்டுகள் சட்சட்டென்று மறையும். ஏனென்றால் வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே வினையை வேகப்படுத்துகிறது. புறப்பரப்பு வேதியியல் பாடத்தில் தன்வினையூக்கம் என்று படிக்கும் அதே விஷயம் உங்கள் கைக்குடுவைக்குள் நடக்கிறது. இதைக் கண்ணால் பார்த்தவர் அந்தப் பாடத்தை மறக்க மாட்டார்.

அப்புறம் கணக்கு. நார்மாலிட்டி வந்ததும் அதைச் சமான நிறையால் பெருக்க வேண்டும். ஃபெரஸ் சல்ஃபேட் படிகத்துக்கு 278, மோர் உப்புக்கு 392, ஆக்சாலிக் அமிலப் படிகத்துக்கு 63, சோடியம் ஹைட்ராக்சைடுக்கு 40. பெருக்கினால் கிடைப்பது ஒரு லிட்டரில் உள்ள எடை. கேள்வி 500 மில்லிலிட்டரில் எவ்வளவு என்றோ 750 மில்லிலிட்டரில் எவ்வளவு என்றோ கேட்டிருக்கும். அந்தக் கடைசிப் படியைப் போடாமல் எழுந்து வருகிறவர்கள் ஒவ்வொரு பேட்ச்சிலும் உண்டு. கேள்வித்தாளின் கடைசி வரியை இன்னொரு முறை படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

கரிமப் பகுப்பாய்வில் சோதனைகளை வரிசை மாறாமல் செய்யுங்கள். சிறிது எரித்துப் புகையோடு எரிகிறதா என்று பார்ப்பது அரோமேட்டிக்கா இல்லையா என்று சொல்லும். சோடியம் பைகார்பனேட்டில் நுரைத்தால் கார்பாக்சிலிக் அமிலம். நடுநிலை ஃபெரிக் குளோரைடில் ஊதா வந்தால் பீனால். டாலன்ஸ் வினைப்பொருளில் வெள்ளி ஆடி படிந்தால் ஆல்டிஹைடு. வெள்ளி ஆடி வர சோதனைக்குழாய் பளிச்சென்று சுத்தமாக இருக்க வேண்டும், நேரடித் தீயில் காட்டாமல் வெந்நீரில் வைத்துச் சூடாக்க வேண்டும். அழுக்குக் குழாயில் கறுப்பாகப் படியும், அதைப் பார்த்து 'ஆல்டிஹைடு இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். எதையும் மூக்கருகே கொண்டுபோய் முகராதீர்கள். கையால் விசிறி லேசாக வாசனை பிடியுங்கள்.

தேர்வு அறையில்

ஒரு மார்க் கேள்விக்கு எழுத்தை மட்டும் எழுதினால் போதாது, குறியீட்டோடு விடையையும் சேர்த்து எழுதச் சொல்லித்தான் வினாத்தாளிலேயே அறிவுறுத்தல் இருக்கும். ஒரு மார்க்குக்கு இருபது நிமிடம், இரண்டு மார்க்குக்கு அரை மணி, மூன்று மார்க்குக்கு முக்கால் மணி, ஐந்து மார்க்குக்கு எழுபது நிமிடம் என்று வைத்துக்கொண்டால் கடைசியில் கால் மணி நேரம் மிஞ்சும். அதில் சமன்பாடுகள் சமன் ஆகியிருக்கின்றனவா, அலகு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஐந்து மார்க் கேள்வி பெரும்பாலும் இரண்டு துண்டாக வரும். 'அல்லது'வில் எதை எடுப்பது என்று முடிவு செய்யும்போது இரண்டு துண்டையும் படியுங்கள். முதல் துண்டு தெரிந்த கேள்வி என்று ஆசையாக ஆரம்பித்துவிட்டு, இரண்டாவதில் சிக்கிக்கொள்வது வழக்கமாக நடக்கிறது. படங்களைப் பென்சிலில் வரையுங்கள், பக்கத்துக்கு ஒரு வினைதான் என்றெல்லாம் இடத்தை வீணாக்க வேண்டாம். ஆனால் விடைகளுக்கு நடுவே இரண்டு வரி விட்டால், திருத்துபவருக்கு எங்கே ஆரம்பிக்கிறது என்று தேட வேண்டியதில்லை.

நீட், பொறியியல்

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. உங்கள் வேதியியல் மார்க்கைப் பாதியாக்கிச் சேர்ப்பார்கள். அதாவது வேதியியலில் விட்ட ஒவ்வொரு மார்க்கும் கட்-ஆஃபில் அரை. ஒரே கட்-ஆஃபில் பல பேர் நிற்கும் இடத்தில் அந்த அரை பெரிது.

நீட் தேர்வில் மொத்தம் 720-இல் வேதியியலுக்கு 45 கேள்விகள், 180 மார்க். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழியும். தமிழிலும் எழுதலாம். அங்கே என்.சி.இ.ஆர்.டி. புத்தகம்தான் அடிப்படை, மாநிலப் பாடநூலோடு நிறையவே ஒத்துப்போகும். பிளஸ் ஒன் பாடங்களும் அதில் வருகின்றன என்பதை மறக்க வேண்டாம். பொதுத்தேர்வை முடித்துவிட்டுத்தான் நீட் என்று பிரிக்காமல், ஒவ்வொரு பாடம் முடித்ததும் அதில் இருபது கொள்குறி வினாக்களைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

ரிசல்ட் வந்த பிறகு

மார்க் எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருந்தால் பதற வேண்டாம். அரசுத் தேர்வுகள் இயக்ககம் அறிவிக்கும் தேதிக்குள் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். நகலைக் கையில் வாங்கி உங்கள் ஆசிரியரோடு உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பாருங்கள். கூட்டலில் பிழை என்றால் மறுகூட்டல், சரியான விடைக்கு மார்க் தரவில்லை என்று தோன்றினால் மறுமதிப்பீடு. தேதி ரொம்பக் குறைவாகத்தான் தருவார்கள், அதனால் ரிசல்ட் நாளன்றே அறிவிப்பைக் கவனியுங்கள்.

தேர்ச்சி பெறாதவர்களுக்குத் துணைத்தேர்வு உண்டு. சில வாரங்களிலேயே நடந்துவிடும், அதே வருடம் கல்லூரியிலும் சேர்ந்துவிடலாம். அதற்குப் படிக்க உட்காரும்போது முதலில் ஒரு மார்க் கேள்விகளை முடியுங்கள், பிறகு நன்றாக வரும் நாலைந்து பாடங்களின் இரண்டு, மூன்று மார்க் கேள்விகள். எழுத்துத் தேர்வில் 15 என்பது அந்த அளவுக்குள் வந்துவிடும். அதைத் தொட்ட பிறகு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.